கோயில் வாசல்ல வீல்சேர் நிக்குதா? கேள்வி கேட்க ஓர் ஆணையர் இருக்கார்!

பௌர்ணமிக்கு திருவண்ணாமலை போறீங்க. கிரிவலம் 14 கிலோமீட்டர். கூட வர்ற ஃப்ரெண்டு வீல்சேர்ல இருக்கார். ஓர் இடத்துல வெறும் படிதான், சாய்தளமே இல்லைன்னா யார்கிட்ட கேட்பீங்க?

‘கோயிலை யாருப்பா கேள்வி கேட்கிறது’ன்னு தோணும். ஆனா, மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, மக்கள் வந்துபோகும் வழிபாட்டு இடங்களையும் பொதுக் கட்டடம்னுதான் சொல்லுது. பஸ் ஸ்டாண்டுக்கு என்ன விதியோ, அதேதான் இங்கேயும்.

இதைக் கண்காணிக்கிறவர்தான் மாநில ஆணையர். ஆபீஸ் சென்னையில. உரிமை மறுக்கப்பட்டா விசாரிப்பார். புகாரே வராட்டியும் தானாவே விசாரிக்கலாம். சிவில் கோர்ட் மாதிரி சம்மன் அனுப்பி, ஆவணங்களைக் கேட்டு வாங்கலாம்.

ஆனா, விசாரணை முடிவுல அவர் தர்றது பரிந்துரைதான். ‘அவ்ளோதானா’ன்னு சலிச்சுக்காதீங்க. பரிந்துரை கிடைச்ச மூணு மாசத்துக்குள்ள, என்ன நடவடிக்கை எடுத்தோம்னு சம்பந்தப்பட்ட துறை பதில் சொல்லியாகணும். ஏத்துக்கலைன்னா, காரணத்தை ஆணையருக்கு மட்டுமில்ல, பாதிக்கப்பட்டவருக்கும் தெரிவிக்கணும். நம்ம ஊர்ல மனு போட்டவருக்குக் காரணம் கிடைக்கிறதே பெரிய விஷயம்தானே! அந்தப் பதில் கையில இருந்தா, ஹைகோர்ட் போறவங்களுக்குப் பெரிய பலம்.

அதனால, ‘வசதி சரியில்லை’ன்னு பொத்தாம்பொதுவா எழுதாதீங்க. எந்த வாசல், என்ன தேதி, எத்தனை படின்னு எழுதி, போட்டோவும் வைங்க. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துல ஏற்கெனவே மனு கொடுத்திருந்தா, அந்த ரசீதையும் சேர்த்து அனுப்புங்க.