சிறுநீர் ரிப்போர்ட்டில் இரத்த அணுக்கள்

பேரேட்டில் ஒரு ரூபாய் உதைத்தாலும் இரவு 11 மணிவரை உட்கார்ந்து தேடுகிறோம். லேப் ரிப்போர்ட்டை மட்டும், சர்க்கரை எவ்வளவு என்று பார்த்துவிட்டு மடித்துக் கல்லாவில் போட்டுவிடுகிறோம். அதே தாளில் கீழே இரண்டு வரிகள் உண்டு. 'பஸ் செல்ஸ்' என்பது வெள்ளை அணுக்கள், 'ஆர்.பி.சி.' என்பது சிவப்பு அணுக்கள்.

மைக்ராஸ்கோப்பில் ஒரு பார்வைப் பரப்பில் வெள்ளை அணுக்கள் 5 வரை இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. அதற்கு மேல் போய், எரிச்சலும் காய்ச்சலும் சேர்ந்தால் தொற்றாக இருக்கலாம். கல்லாவை விட்டு எழ ஆளில்லாமல், தண்ணீரும் குடிக்காமல் மணிக்கணக்கில் அடக்கிக்கொள்ளும் நமக்கு இது வர வாய்ப்பு அதிகம். சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம். மருந்துக் கடையில் நாலு மாத்திரை வாங்கிப் போட்டு, எரிச்சல் நின்றதும் விட்டுவிடுவது சரியல்ல. (மருந்து வணிகம் செய்யும் நம் உறுப்பினர்கள் பொறுத்தருள்க.) மருந்து தொடங்குமுன் கல்ச்சருக்குக் கொடுத்தால், எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்பது தெரிந்துவிடும்.

சிவப்பு அணுக்கள் 3 அல்லது அதற்கு மேல் இருந்தால் காரணம் தேடியாக வேண்டும். இடுப்பிலிருந்து தொடை வரை வலி பாய்ந்தால் கல்லாக இருக்கலாம். புரதமும் சேர்ந்து, முகமும் காலும் வீங்கி, இரத்தக் கொதிப்பும் ஏறினால் சிறுநீரகத்தின் வடிகட்டிகளில் கோளாறு என்று டாக்டர் சந்தேகிப்பார். பீட்ரூட் சாப்பிட்டாலும் சிறுநீர் சிவக்கும். ஆனால் அதில் அணுக்கள் இருக்காது.

வலியே இல்லாமல் ஒருநாள் சிவப்பாகப் போய், மறுநாள் தானே தெளிந்துவிடுகிறதே, அதற்குத்தான் நாம் அஞ்ச வேண்டும். சிறுநீர்ப்பைப் புற்று பல சமயம் இப்படித்தான் முதலில் தலைகாட்டும். 40 வயதைத் தாண்டியவர்களும், பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்களும் 'சூடு பிடித்துவிட்டது, இளநீர் குடித்தால் போதும்' என்று இருக்கவே கூடாது. 'இரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன், அதனால்தான்' என்று தாமே தீர்ப்பு எழுதிக்கொள்வதும் ஆகாது. தீபாவளி சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போடுவது நமக்குக் கைவந்த கலை. ஆனால் கட்டி பையின் உட்பரப்போடு நிற்கும்போதே கண்டால், வயிற்றைத் திறக்காமல் சிறுநீர்த்தாரை வழியே குழாய் விட்டு எடுத்துவிடலாம். தசைக்குள் இறங்கிவிட்டால் பையையே எடுக்க நேரிடும். டாக்டர் ஸ்கேனும், குழாய்க் கேமரா பரிசோதனையும் செய்யச் சொன்னால், செலவு வைக்கிறார் என்று முணுமுணுக்க வேண்டாம்.

பரிசோதனைக்குக் கொடுக்கும்போது முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைச் சுத்தமான டப்பாவில் பிடிக்க வேண்டும். வீட்டுப் பெண்கள் மாதவிலக்கு நாட்களைத் தவிர்க்க வேண்டும். பிடித்ததை ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர்ப்பது நல்லது. கடை திறந்து, சாமி கும்பிட்டு, முதல் போணி ஆனபிறகு பையனிடம் கொடுத்தனுப்பினால் அணுக்கள் சிதைந்து, ரிப்போர்ட்டே தப்பாக வரும்.