சதையி அழற்சி: காரணத்தைத் தேடுவது பற்றி

சதையி அழற்சி என்றதும் வைத்தியர்கள் முதலில் நினைப்பது இரண்டு காரணங்களைத்தான்: பித்தக்கல், மது. பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கின்றது. ஆனால் இவ்விரண்டுக்கும் அப்பால் அரிதான ஒரு காரணமும் உண்டு. அதைத் தேடாமல் விடுவது உயிரிழப்பில் முடியலாம் என்பதனாலேயே இக்குறிப்பு.

சதையி (தமிழகத்தார் கணையம் என்பர்) இரைப்பைக்குப் பின்னால் உள்ள உறுப்பு. அது சுரக்கும் புரதச் சமிபாட்டு நொதியங்கள் சிறுகுடலை அடைந்த பின்னரே செயற்படத் தொடங்கும். பெரும்பாலானோரில் சதையிக்கானும் பித்தக்கானும் இணைந்து சிறுகுடலின் தொடக்கப் பகுதியில் ஒரே வாயிலாகத் திறக்கின்றன. 1720இல் இவ்விடத்தை விபரித்த ஜேர்மனிய உடற்கூற்றியலாளர் ஆபிரகாம் ஃபாற்றரின் பெயராலேயே அது இன்றும் வழங்குகின்றது.

அழற்சியின்போது சதையி தன்னைத்தானே சமித்துக்கொள்கின்றது என்ற கருத்தை 1896இல் ஹான்ஸ் கியாரி முன்வைத்தார். ஃபாற்றர் வாயிலில் சிக்கிய சிறு பித்தக்கல் ஒன்றே உயிர்கொல்லும் அழற்சிக்குக் காரணமாகலாம் என்பதை 1901இல் போல்ற்றிமோரில் யூஜின் ஓப்பி பிரேத பரிசோதனை மூலம் காட்டினார்.

கல் செய்வதை ஒரு கட்டியும் செய்யும். இவ்வாயிலில் தோன்றும் புற்றுநோய்கள், சமிபாட்டுத் தொகுதிப் புற்றுநோய்களில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவானவை. புற்றாக மாறக்கூடிய அடினோமாக் கட்டிகளும் இங்கு வளர்வதுண்டு. வழமையாக இவை செங்கண்மாரியாக வெளிப்படும். சிலரில் மட்டும் முதல் அறிகுறியே அழற்சிதான்: மேல்வயிற்றில் தொடங்கி முதுகுவரை ஊடுருவும் வலி, ஓயாத வாந்தி. சுவாசப்பை, சிறுநீரகம் முதலியவற்றின் செயலிழப்பு 48 மணித்தியாலத்துக்கு மேல் நீடித்தால் அதுவே ‘கடும்’ அழற்சி என்கின்றது 2012இல் திருத்தப்பட்ட அற்லாண்டா வகைப்பாடு.

திரவம் ஏற்றி வலியைத் தணித்தால் பெரும்பாலான அழற்சிகள் அடங்கிவிடும். கட்டி அடங்காது. மதுவால் வரும் அழற்சிக்குப் பொதுவாகப் பல ஆண்டுக் கடுங்குடி பின்னணியாக இருக்கும். ஆனால் வார இறுதியில் இரண்டு பியர் குடிப்பதாக மொழிபெயர்ப்பாளர் ஊடாகச் சொன்ன ஒருவரின் கோப்பில் ‘மது’ என்று பதிவானால், தேடல் அத்தோடு நின்றுவிடக்கூடும்.

நாற்பது வயதைக் கடந்தவருக்குத் தெளிவான காரணமின்றி அழற்சி வந்தால் கட்டியையும் சந்தேகிக்க வேண்டும். குடும்பத்தில் பரம்பரைக் குடற் பொலிப் நோய் இருந்தால் இளையவர்களிலும் அவ்வாறே. நேர்முகமாகப் பார்க்கும் சாதாரண உள்நோக்கிக்கு இவ்வாயில் தப்பிவிடலாம். பக்கவாட்டில் பார்க்கும் உள்நோக்கியோ, உள்நோக்கி வழியான மீயொலிப் பரிசோதனையோ தேவைப்படலாம். சிறிய அடினோமாவை உள்நோக்கி வழியாகவே அகற்றலாம். புற்றுநோய்க்கு, 1935இல் அலன் விப்பிள் வெளியிட்ட முறையிலிருந்து வளர்ந்த பெரிய சத்திரசிகிச்சை உண்டு. நேரத்தோடு கண்டுபிடிக்கப்பட்டால், சதையியிலேயே தோன்றும் புற்றுநோயைவிட இதில் பிழைக்கும் வாய்ப்பு அதிகம்.

ஆகவே வலி தீர்ந்து வீடு திரும்பும் நாளில் ஒன்றைக் கேட்டேயாக வேண்டும்: இது எதனால் வந்தது, அந்த வாயில் பார்க்கப்பட்டதா?