வாழைப்பழத்துக்குள் ஒரு கன்னடப் பாடம்

நாவலூரில் தள்ளுவண்டிக்காரரிடம் பழம் வாங்கும்போது, மைசூரிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் என் பக்கத்து வீட்டுக்காரர் வாய் தவறி “பாளெ ஹண்ணு” என்றார். அந்தப் ‘பா’வை ‘பஸ்’ என்பதில் வரும் ப-போலச் சொல்ல வேண்டும். வண்டிக்காரர் விழித்தார். வீடு திரும்பும் வழியில்தான் எனக்குப் பிடிபட்டது. ‘வாழை’யின் வ-வை அந்தப் ப ஆக்குங்கள், ழ-வை ள ஆக்குங்கள்: பாளெ!

2011 கணக்கெடுப்பின்படி 4.37 கோடிப் பேரின் தாய்மொழி கன்னடம். தமிழோடு ஒரே வயிற்றில் பிறந்தது. இப்படிச் சில சாவிகள் கையில் இருந்தால் அதன் கதவுகள் மளமளவெனத் திறக்கின்றன. சொல்லின் முதலில் வரும் நம் ப, அங்கே ஹ. பால் ஹாலு, பத்து ஹத்து, புலி ஹுலி, பல் ஹல்லு. கடைசியில் ஒட்டும் உகரம் நமக்குப் புதிதா என்ன? பேச்சில் நாமும் பாலு, பல்லு என்றுதானே சொல்கிறோம்! ஒகேனக்கல்லில்கூட இந்தச் சாவி கிடக்கிறது. ‘ஹொகெ’ என்றால் புகை. அருவிச் சாரல் புகையாக எழும் கல், ஒகேனக்கல்.

ஏன் இந்த மாற்றம்? உதடுகளை இறுக மூடித் திறந்தால் ப. அந்த இறுக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திப் பாருங்கள், கடைசியில் வெறும் மூச்சுதான் மிஞ்சும். அதுதான் ஹ.

கன்னடம்தான் மாறியது, தமிழ் அப்படியே நின்றது என்று நினைத்துவிட வேண்டாம். நம் ‘செவி’ அங்கே ‘கிவி’. இதில் பழைய ஒலியைக் காப்பாற்றி வைத்திருப்பது அவர்கள்தான். இகர எகரத்துக்கு முன் நின்ற க-வைச் ச ஆக்கியது நாம். பரதநாட்டிய நகையில் சிவப்பாக மின்னும் ‘கெம்பு’க் கல்லின் பெயரைக் கேளுங்கள். கன்னடத்தில் கெம்பு என்றால் சிவப்பு.

எழுத்துக்கு வருவோம். உயிரும் மெய்யும் சேர்ந்து 47. உயிர் 13: நம் பன்னிரண்டோடு, ‘ரிஷி’ போன்ற வடசொற்களுக்காக ஒன்று கூடுதல். மெய் 34: நம் பதினெட்டில் பதினைந்து, மேலும் 19. கடல், தங்கம், பகல் மூன்றிலும் நாம் எழுதுவது ஒரே ககரம். அது நிற்கும் இடமே ஒலியைச் சொல்லிவிடும். கன்னடமோ ஒலிக்கு ஒரு வடிவம் கொடுக்கிறது. பல எழுத்துகளின் உச்சியில் முண்டாசுபோல ஒரு சிறு வளைவு உண்டு. அதன் பெயரே ‘தலெகட்டு’. ‘அக்கா’ என்பதில் நாம் க் மேல் புள்ளி வைத்துப் பக்கத்தில் இன்னொரு ககரம் எழுதுகிறோம். அவர்கள் இரண்டாம் ககரத்தைச் சிறிதாக்கி, முதல் ககரத்தின் காலடியில் தொங்க விடுகிறார்கள். தொங்கும் எழுத்து ‘ஒத்து’. நம் இலக்கணத்தின் ‘ஒற்று’ காதில் விழுகிறதல்லவா?

நான் பெரிதும் வியப்பது ஒரு தூணை. நாவலூரிலிருந்து இரண்டு மணி நேரத்தில் காஞ்சிபுரம். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலைக் கட்டிய ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய கைலாசநாதர் கோயில் அங்கே இருக்கிறது. 8ஆம் நூற்றாண்டில் காஞ்சியை வென்ற சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன், கோயிலின் செல்வத்தைக் கண்டு அதை இறைவனுக்கே திருப்பித் தந்த செய்தி, அந்தத் தூணில் கன்னடத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. ப இன்னும் ஹ ஆகாத காலம் அது. வெட்டிய சிற்பியின் வீட்டில் பால் பால்தான், புலி புலிதான், ஏழு ஏழுதான். ஆம், அன்றைய கன்னடத்தில் ழகரமும் இருந்தது, றகரமும் இருந்தது. பிறகு இரண்டுமே வழக்கொழிந்தன.

வழக்கொழிந்த அந்த ழகரத்துக்குக் கணினியில் இடம் உண்டு. உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடு, அதாவது ஒருங்குறி, அதற்கும் ஓர் எண் கொடுத்தது. பெயரைத்தான் தவறுதலாக ‘ஃபா’ என்று பதிந்துவிட்டார்கள். ஒருமுறை வைத்த பெயரை மாற்றுவதில்லை என்பது அங்கே விதி. அதனால் சரியான பெயர் மாற்றுப்பெயராக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கைப்பேசியில் அந்த எழுத்தைத் தேடியெடுத்துப் பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்டினேன். அதை அவர் இதற்குமுன் பார்த்ததில்லை. பழங்கன்னடத்தில் வாழைக்கு எப்படி எழுதுவார்கள் என்று சொன்னேன். நாக்கை மடித்து மெல்லச் சொல்லிப் பார்த்தார்: “பாழெ.”