மருந்தைச் சுமக்கும் நுண்பைகள்: எதிர்பார்ப்பும் எச்சரிக்கையும்

“டாக்டர், ஸ்டெம் செல்லிலிருந்து எடுத்த மருந்து புற்றுக்கட்டியை மட்டும் தேடிப் போய் அழிக்கிறதாமே?” ஓசூர், சூளகிரி, பர்கூர், தேன்கனிக்கோட்டைப் பகுதிகளிலிருந்து வரும் குடும்பத்தினர் அண்மைக் காலமாக எங்களிடம் இவ்வாறு கேட்கின்றனர். கைப்பேசியில் வந்த காணொலியைக் காட்டுவோரும், நிலத்தை அடகு வைத்தாவது செய்துவிடலாமா என்று வினவுவோரும் உண்டு. இச்செய்தியில் மெய்யான அறிவியல் இருக்கிறது. ஆயினும் அது இன்னும் சிகிச்சையாகவில்லை. இவ்விரண்டையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலக்கு நோக்கி அனுப்புவது ஏன்?

கீமோதெரபி மருந்து இரத்தத்தின் வழியே உடல் முழுவதும் செல்கிறது. விரைந்து பெருகும் செல்களை அது தாக்குவதால், புற்றுச்செல்களோடு முடிவேர், குடற்சுவர், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றின் செல்களும் பாதிப்படைகின்றன. முடி உதிர்தலும், வாய்ப்புண்ணும், இரத்த அணுக்கள் குறைதலும் இதன் விளைவுகளே. டாக்ஸோரூபிசின் என்னும் மருந்து இதயத்தையும் பாதிக்கக்கூடும். எனவே அதன் மொத்த அளவுக்கு வரம்பு வைத்தே கொடுக்கிறோம்.

இம்மருந்தைக் கொழுப்பாலான நுண்ணிய உறைக்குள் அடைத்தால் இதயத்தின் மீதான தாக்கம் குறைகிறது. இவ்வாறு உருவான லிப்போசோமல் டாக்ஸோரூபிசினுக்கு அமெரிக்காவில் 1995இல் ஒப்புதல் கிடைத்தது. இந்தியாவிலும் அது தயாராகிறது. அது ஆய்வகத்தில் மனிதர் செய்த உறை. செல்கள் தாமே செய்யும் உறையைப் பயன்படுத்த இயலுமா என்பது அடுத்த கேள்வி.

நுண்பை என்பது யாது?

நம் செல்கள் மெல்லிய கொழுப்புச் சவ்வு சூழ்ந்த நுண்பைகளை இடையறாது வெளியிடுகின்றன. அவற்றுள் ஒரு வகை எக்சோசோம். அளவு ஏறத்தாழ 30 முதல் 150 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறுகளாக்கினால் ஒரு கூறே ஒரு நானோமீட்டர். 1983இல் ஆட்டின் முதிராத சிவப்பணுக்களில் இவற்றைக் கண்டபோது, செல் தனக்கு வேண்டாதவற்றை வெளியேற்றும் வழி என்றே கருதினர். ஒரு செல் மற்றொன்றுக்குப் புரதங்களையும் ஆர்.என்.ஏ.வையும் அனுப்பும் வழியும் இதுவே என்பது பின்னர் புலப்பட்டது.

எலும்பு மஜ்ஜை, கொழுப்பு, தொப்புள்கொடி ஆகியவற்றிலிருந்து பெறும் மீசன்கைமல் ஸ்டெம் செல்களை ஆய்வகத்தில் வளர்த்தால், வளர்ப்புத் திரவத்திலிருந்து நுண்பைகளைப் பிரித்தெடுக்கலாம். அவற்றுள் மருந்தை ஏற்றலாம். செல்லைப் போல் அவை பெருகுவதில்லை. உடலின் எதிர்ப்பையும் அதிகம் தூண்டுவதில்லை.

ஆய்வு எங்கே நிற்கிறது?

அமெரிக்காவின் ஹூஸ்டனிலுள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் ரகு கல்லூரி தலைமையிலான குழு, கணையப் புற்றைத் தூண்டும் கேராஸ் மரபணுப் பிழையை அடக்கும் ஆர்.என்.ஏ.வை எக்சோசோம்களில் ஏற்றி எலிகளுக்குச் செலுத்தியது. கட்டியின் வளர்ச்சி தடைப்பட்டதை 2017இல் வெளியிட்டது. அதன் தொடர்ச்சியாக, மீசன்கைமல் செல்களின் எக்சோசோம்களைக் கொண்டு நோயாளிகளிடம் முதற்கட்ட ஆய்வு தொடங்கப்பட்டது. முதற்கட்ட ஆய்வின் முதன்மை நோக்கம் பாதுகாப்பையும் தாங்கத்தக்க அளவையும் அறிவதே. நோய் குணமாகும் என்று அது உறுதியளிப்பதில்லை.

தடைகளும் உள்ளன. இரத்தத்தில் செலுத்தும் நுண்பைகளில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. சில ஆய்வுகளில் ஸ்டெம் செல் நுண்பைகள் கட்டியின் வளர்ச்சிக்கே துணைபோனதும் உண்டு. தரக்கட்டுப்பாடு மற்றொரு சிக்கல். ஓசூர் சிப்காட்டில் பணிபுரிவோர் இதை எளிதில் உணர்வர்: ஓர் உதிரிபாகம் ஒவ்வொரு முறையும் அதே அளவில் வந்தால்தான் வண்டியில் பொருந்தும். உயிருள்ள செல்களோ ஒவ்வொரு தொகுதியிலும் ஒரே மாதிரியான நுண்பைகளைத் தருவதில்லை.

குடும்பத்தினர் கவனத்திற்கு

இரத்தப் புற்றுநோய் சிலவற்றுக்குச் செய்யப்படும் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையிலும் ஸ்டெம் செல்லே பயன்படுகிறது. அது நிலைபெற்ற சிகிச்சை. அதனையும் இதனையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள், பிற ஸ்டெம் செல் முறைகளை ஒப்புதல் பெற்ற ஆய்வுகளில் மட்டுமே அனுமதிக்கின்றன. ஒப்புதலற்ற எக்சோசோம் பொருட்களால் நோயாளிகளுக்குக் கடுமையான பாதிப்புகள் நேர்ந்ததாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019இல் எச்சரித்தது.

எனவே எவரேனும் இச்சிகிச்சை தருவதாகக் கூறினால் பின்வருவனவற்றைக் கேளுங்கள்:

• இது ஆய்வா? ஆயின், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் அதன் பதிவெண் என்ன? அப்பதிவேட்டை இணையத்தில் எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம்.
• நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் உண்டா?
• ஆய்வுக்குரிய செலவை நோயாளியிடம் கேட்கிறார்களா? கேட்பது முறையன்று.
• ஒப்புதல் படிவம் நோயாளிக்குப் புரியும் மொழியில் உள்ளதா? நம் எல்லைப் பகுதியில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என எதுவாயினும், அவருக்குப் புரிய வேண்டும்.
• இப்போதைய சிகிச்சையை நிறுத்தச் சொல்கிறார்களா? ஆம் எனில், கையொப்பமிடும் முன் எங்களிடம் வாருங்கள்.

புதிய மருந்து வரும் வரை புற்றுநோய் காத்திருப்பதில்லை. கீமோதெரபியைச் சில வாரங்கள் தள்ளிப்போட்டு வேறிடம் சென்று திரும்புவோரிடம், குணப்படுத்தக்கூடிய கட்டம் சில வேளைகளில் கடந்துவிட்டிருக்கிறது. பக்கவிளைவுகளைத் தாங்க இயலவில்லை எனில் அதை மறைக்காமல் கூறுங்கள். அளவைக் குறைக்கவும், மருந்தை மாற்றவும், வாந்தியையும் வலியையும் தணிக்கவும் வழிகள் உண்டு. காணொலியோ துண்டறிக்கையோ எதுவாயினும் அடுத்த முறை வரும்போது தயங்காமல் கொண்டுவாருங்கள். சேர்ந்து படித்துப் பார்ப்போம்.