உயிரோடிருப்பதற்கும் சாட்சியா?

ஓசூர் சிப்காட்டில் காலை ஷிப்டுக்குப் போகிற தோழர்கள் அன்றாடம் காணும் காட்சிதான். ஆலை வாயிலில் ஒருவர் நிற்கிறார். மடிப்புக் கலையாத சட்டை, பளபளக்கும் பூட்ஸ், வளையாத முதுகு. 'எக்ஸ் மிலிட்டரி' என்று மதிப்போடு சொல்லிவிட்டு நாம் உள்ளே போகிறோம். நாற்பதைத் தொட்டும் தொடாமலும் படையை விட்டு வந்தவர் அவர். பதினைந்தாண்டுப் பணி முடித்த சிப்பாய்க்கு ஓய்வூதியம் உண்டு, ஓய்வுதான் இல்லை! மகன் பள்ளியிலே, வீடு அரைகுறைச் சுவரிலே, கடன் வட்டியிலே. ஆகவே மீண்டும் காவல். இங்கே கூலி கட்டாதவர் ஜூஜுவாடி தாண்டி, அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூருக்குப் போகிறார். அங்கும் கட்டாதவர் கடலையே தாண்டுகிறார். பனிமலையிலே எல்லை காத்தவர், துபாயிலும் தோகாவிலும் குவைத்திலும் பண்டகசாலை காக்கிறார்.

இன்னொரு கூட்டமும் உண்டு. பர்கூரிலோ ஊத்தங்கரையிலோ வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, பேரப்பிள்ளையைப் பார்க்கச் சிங்கப்பூருக்குப் போய், அங்கேயே தங்கிவிட்ட முதியவர்கள்.

இவர்கள் அத்தனை பேரையும் டில்லி ஆண்டுக்கொருமுறை ஒரு கேள்வி கேட்கிறது: "நீ உயிரோடு இருக்கிறாயா?"

கேட்கட்டும். பொதுப்பணம் அது, மறைந்தவர் பெயரில் எவனோ வாங்கித் தின்னக்கூடாது. ஆனால் விடை சொல்லும் வழி தெரியாதவர் கதி என்ன? உயிர்வாழ்வுச் சான்று போய்ச் சேராவிட்டால் ஓய்வூதியம் நிற்கும். பிறகு சான்று தந்தால் நிலுவையோடு வரும், மெய்தான். அடுப்பு நிலுவையில் எரியுமா, தோழர்களே?

வழியே இல்லை என்று நாம் பொய் பேசமாட்டோம். இந்தியத் தூதரகத்தில் கையொப்பம் பெறலாம். வங்கி அலுவலரோ நோட்டரியோ சான்றளித்தால், நேரில் வந்து நிற்க வேண்டியதில்லை என்று விதியே இருக்கிறது. 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் வந்தது. 2021-இல், கைப்பேசியில் முகத்தைக் காட்டினாலே போதும் என்ற ஏற்பாடும் வந்தது. படைவீரர் ஓய்வூதியம் முழுவதையும் ஒரே வலைக்குள் கொண்டுவரும் ஸ்பர்ஷ் என்ற ஏற்பாடும் அதே ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தது. ஸ்பர்ஷ் என்றால் வடமொழியில் தொடுதலாம். என்ன பொருத்தம்! தொடுதல் என்று பெயர். அந்தப் பெயரே நம் கிழவருக்கு எட்டவில்லை. ஆதாரும் வேண்டும், கைப்பேசியும் வேண்டும், கடவுச்சொல்லும் வேண்டும். பாலைவன முகாமிலிருந்து தூதரகம் போய்த் திரும்பினால் ஒரு நாள் கூலி போகும். துப்பாக்கியைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைக்குக் கடவுச்சொல் பிடிபடவில்லை என்றால், அது அவர் குற்றமா?

டில்லிக்கு மனம் இருந்தால் வழி தெரியும் என்பதற்கு நேபாளமே சாட்சி. 1947 நவம்பர் 9-இல் இந்தியா, நேபாளம், பிரிட்டன் என்ற மூன்று நாடுகளும் ஓர் ஒப்பந்தம் செய்தன. பத்துக் கூர்க்கா ரெஜிமெண்டுகளில் ஆறு இந்தியாவுக்கு, நான்கு பிரிட்டனுக்கு. இந்தியப் படையில் உழைத்து ஊர் திரும்பிய கூர்க்கா, சட்டப்படி அயல்நாட்டில் வாழும் ஓய்வூதியர். அப்படி நேபாளத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகக் காத்மாண்டு, பொக்காரா, தரான் ஆகிய மூன்று ஊர்களில் இந்தியாவே ஓய்வூதிய அலுவலகம் நடத்துகிறது. மலை மாவட்டங்களில் படைவீரர் வாரியங்கள் உண்டு. எட்டாத ஊர்களுக்கு முகாம் போட்டுப் பணம் கொண்டுபோனார்கள். 2003-இல் தொடங்கிய முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் அங்கேயும் நீட்டப்பட்டது. அதே திட்டத்தின் அட்டையைத் துபாய் மருத்துவமனையில் நீட்டினால் கதவு திறக்காது.

கூர்க்காவுக்குக் கொடுத்ததைப் பறியுங்கள் என்றா கேட்கிறோம்? இல்லை! அது அவன் இரத்தத்தின் விலை, குறையாமல் போகட்டும். பிரிட்டனுக்கு உழைத்த கூர்க்கா, அந்நாட்டில் குடியேறும் உரிமைக்கே 2009 வரை போராட வேண்டியிருந்தது. அந்த வகையில் டில்லி லண்டனைவிட மேல் என்று சொல்லவும் நமக்குத் தயக்கமில்லை. நாம் கேட்பது வேறு. இமயத்தின் அடிவாரத்துக்கு நீண்ட கை, வளைகுடாவுக்கு நீளாதா? தூதரக அலுவலர்கள் நவம்பரில் ஒரு விடுமுறை நாளில், தொழிலாளர் தங்கும் முகாம்களுக்கே முத்திரையோடு போய்வந்தால் என்ன குடி முழுகிவிடும்?

தமிழ்நாட்டில் முன்னாள் படைவீரர் நலத்துறை தனியே இருக்கிறது. அயலகத் தமிழர் நலத்துறையும் தனியே இருக்கிறது. கடல் கடந்த படைவீரர் இரண்டுக்கும் உரியவர். இரண்டுக்கும் உரியவர் யாருக்கும் உரியவராகாமல் போவதுண்டு. இரு துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் பாதிச் சிக்கல் தீரும். ஊர் திரும்புகிறவருக்குத் தமிழ்நாடு அரசு 2024-இல் அறிவித்த 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டம் ஒன்று உண்டு. தொழில் தொடங்க ஒரு கோடி ரூபாய் வரை கடன். 30 விழுக்காடு மானியம். அந்தச் செய்தி குவைத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதே நம் கவலை.

அரசு செய்யட்டும் என்று நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. நம் படிப்பகங்கள் எதற்கு? ஒரு காலத்தில் மனு எழுதத் தெரியாதவருக்கு மனு எழுதிக் கொடுத்த திண்ணைகள் அல்லவா அவை! அங்கே கைப்பேசி கையாளத் தெரிந்த இளைஞர் இருவர் மாலையில் உட்காரட்டும். முதலில் பெயரைப் பார்க்கட்டும். நம் எல்லைப் புறத்தின் தனித் தொல்லை அது. வீட்டில் முனியப்பன், படை ஆவணத்தில் முனியப்பா, ஆதாரில் முன்னெழுத்து இடம் மாறி வேறொரு முனியப்பன். மூன்றும் ஒருவரே என்று கணினிக்கு யார் சொல்வது? கணவர் இருக்கும்போதே மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் ஓய்வூதிய ஆணையில் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். அவர் கண்மூடிய பிறகு, மகனோடு அயல்நாட்டில் இருக்கும் கைம்பெண் ஓர் எழுத்துக்காக ஆண்டுக்கணக்கில் அலையக்கூடாது.

தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம், சூளகிரித் தோழர்கள் தத்தம் ஊரில் அயல்நாடு போன படைவீரர் வீடு எது எது என்று இப்போதே எழுதி வைத்துக்கொள்ளட்டும். வேலையை நவம்பருக்குத் தள்ளவேண்டாம். எண்பது வயது கடந்த மத்திய அரசு ஓய்வூதியருக்கு அக்டோபர் முதல் நாளே வாசல் திறந்துவிடுகிறது.