அந்தப் பாராங் கத்திக்கு வயது என்ன?

பேராக்கில் பழைய கித்தாத் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. லயங்களை இடிக்கும்போது கூரைச் சட்டத்தின் மேலிருந்தும் ஸ்டோர் மூலையிலிருந்தும் வெளியே வரும் சாமான்களில் பாராங் கத்தி ஒன்றாவது கிடக்கும். துரு ஏறி, பிடி தளர்ந்து, அலகு தேய்ந்திருக்கும் அந்தக் கத்தி தாத்தா காட்டு வேலைக்கு எடுத்துப்போனதா, ஜப்பான்காரன் காலத்ததா, வெள்ளைக்காரப் பட்டாளம் விட்டுப்போனதா என்று வீட்டில் பேச்சு எழும். இதற்குப் பெருமளவு விடை சொல்ல முடியும். ஆனால், கத்தியைக் கையில் எடுத்ததுமே புளியும் உப்புத்தாளும் போட்டுத் தேய்த்துவிடக் கூடாது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்வோம். ஒரு பாராங்குக்கு ஒரே பிறந்த தேதி கிடையாது. எஃகு உருக்கப்பட்டது ஒரு காலம். அதைக் கத்தியாக அடித்தது இன்னொரு காலம். பிடி மாற்றியது மற்றொன்று. ஒரு குடும்பத்தின் கையில் அது புழங்கியது வேறொன்று. எந்தக் காலத்தைத் தேடுகிறோம் என்ற தெளிவு இல்லாவிட்டால், கிடைக்கிற ஒவ்வொரு தடயமும் நம்மை வேறுவேறு பக்கம் இழுக்கும்.

தோட்டத்தின் வரலாறே முதல் எல்லையைக் காட்டுகிறது. 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்த 22 ரப்பர் கன்றுகளில் ஒன்பது கோலகங்சாருக்கு வந்தன. அவற்றை நட்டு வளர்த்தவர் அன்றைய பேராக் ரெசிடென்ட் ஹியூ லோ. அவற்றுள் ஒரு மரம் இன்றும் அங்கே நிற்கிறது. ஆனாலும் கித்தா பெருந்தோட்டப் பயிராக எழுந்தது 1900ஐ ஒட்டித்தான். ஆகவே பால்மரக் காட்டுக்கென்றே வாங்கிய கத்தி பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகத்தான் இருக்கும். அதே மண்ணில் அதற்கு முன்பு மலாய்க் கம்பமோ ஈயலம்பமோ காப்பித் தோட்டமோ இருந்திருந்தால் கணக்கு மாறும்.

அடுத்து முத்திரை. பிடியை ஒட்டி இரண்டு விரல் அகலத்துக்கு அலகின் இரு பக்கமும் பார்க்க வேண்டும். கத்தியை எத்தனை வருடம் தீட்டினாலும் சாணைக்கல் எட்டாத இடம் அது. அறையை இருட்டாக்கி டார்ச் விளக்கைப் படுக்கைவாட்டில் பிடித்தால், துருவுக்கு அடியில் அமுங்கிய எழுத்தின் ஓரங்கள் நிழலாக எழும். மெல்லிய தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலைச் சாய்த்து உரசினால் கண்ணுக்குத் தெரியாத எழுத்துகூடச் சில சமயம் தாளில் பதியும். கத்திக்கும் எந்தச் சேதமும் இல்லை.

முதலைப் படம் தெரிந்தால், அது பர்மிங்ஹாமின் ரால்ஃப் மார்ட்டிண்டேல் நிறுவனத்தின் அடையாளம். அந்த நிறுவனம் 1874இல் தொடங்கியது. கிரீடத்திலிருந்து எழும் கையும் அதில் ஒரு சுத்தியலும், கூடவே 'லெஜிடிமஸ்' என்ற சொல்லும் இருந்தால், அது அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து காலின்ஸ் கம்பெனி. 1826இல் தொடங்கிய அந்த ஆலை 1966இல் மூடப்பட்டது. ஆனால் அந்தப் பெயர் லத்தீன் அமெரிக்க ஆலைகளிலும் தொடர்ந்து அச்சாகியது. அதனால் பெயரைவிட, அதற்குக் கீழே இருக்கும் ஊர்ப் பெயருக்குத்தான் மதிப்பு அதிகம்.

நாட்டின் பெயரும் பேசும். பிரிட்டன் 1887இலும் அமெரிக்கா 1890இலும் இறக்குமதிப் பொருள்களின் பிறப்பிடம் குறித்துச் சட்டம் போட்ட பிறகுதான் 'மேட் இன் ஜெர்மனி' போன்ற வாசகங்கள் பரவலாயின. 'மேற்கு ஜெர்மனி' என்றிருந்தால் 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது. இத்தகைய எழுத்து இல்லை என்பதற்காக 1887க்கு முந்தியது என்று மட்டும் முடிவுகட்டிவிடக் கூடாது. அதிகம் துருவேறிய கத்தியில் எழுத்து அழிந்தே போயிருக்கலாம்.

இந்த வட்டாரத்தில் ஆவலோடு தேட வேண்டிய குறி இன்னொன்று உண்டு. மூன்று கோடுகள் ஒரு முனையில் கூடும் அம்புக்குறி, பக்கத்தில் நான்கு இலக்க ஆண்டு. இது பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்து என்பதற்கான முத்திரை. 1944, 1945 என்று ஆண்டு தெரிந்தால் அது பர்மா, மலாயாக் காடுகளில் நடந்த போருக்காகச் செய்யப்பட்டதாக இருக்கலாம். ஜப்பானியரை எதிர்த்த காட்டுப் படைகளுக்கு, பிரிட்டிஷ் ரகசிய அமைப்பான ஃபோர்ஸ் 136 விமானத்திலிருந்து தளவாடங்கள் போட்ட மாநிலங்களில் பேராக்கும் ஒன்று. பிறகு 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட்டில், எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலும் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து வந்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் பிரிட்டிஷ், கூர்க்கா பட்டாளங்கள் இந்தக் காடுகளில் கத்தியும் கையுமாக நடந்தன. கத்தியில் பதின்மூன்று இலக்க எண் இருந்து, அதன் ஐந்தாம், ஆறாம் இலக்கங்கள் 99 என்று வந்தால், அது நேட்டோ நாடுகளின் பொதுச் சரக்கு எண். 99 பிரிட்டனைக் குறிக்கும். அந்த முறை 1950களில் வந்ததால் அப்படிப்பட்ட கத்தியை உலகப் போரோடு முடிச்சுப் போட முடியாது. முத்திரையில் உள்ள ஆண்டு கத்தி செய்யப்பட்ட ஆண்டு மட்டுமே. பட்டாளம் கழித்துப்போட்ட கத்தி எத்தனையோ வருடம் கழித்துச் சந்தை வழியாகவும் லயத்துக்கு வந்திருக்கலாம்.

முத்திரையே இல்லாத, கையால் அடித்த கத்திதான் கடினமான வழக்கு. மலாய்க் கொல்லர் அலகின் அடிப்பகுதியை ஒல்லியான காம்பாக நீட்டி, அதை மரப் பிடிக்குள் இறக்கிக் குங்கிலியம் போன்ற பிசினால் இறுக்குவார். ஆலைக் கத்தியில் இரும்புத் தகடு பிடியின் முழு நீளத்துக்கும் போகும். இருபுறமும் கட்டை வைத்து ஆணி அடித்திருப்பார்கள். அந்த ஆணி அலுமினியமாக இருந்தால் குறைந்தபட்சம் அந்தப் பிடி மிகப் பழையது அல்ல. அலுமினியம் மலிவாகக் கிடைக்க வழி பிறந்ததே 1886க்குப் பிறகுதான்.

கத்தியின் உருவத்தை மட்டும் நம்பிச் செய்தவரின் இனத்தைச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. மூக்கு வளைந்திருந்தால் திருப்பாச்சேத்தி அரிவாள் என்றும், அலகு முன்பக்கம் கனத்திருந்தால் மலாய்ப் பாராங் என்றும் சொல்லிவிடுகிறார்கள். கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈய நகரங்களில் சீனர் பட்டறைகளும் இருந்தன. கேட்பவர் எந்த வடிவம் கேட்டாரோ அதைக் கொல்லர் அடித்துக் கொடுத்திருப்பார். வடிவம் சொல்வது புழங்கியவரின் பழக்கத்தைத்தான்.

தோட்டத் தமிழருக்கு இதில் இன்னொரு கேள்வியும் உண்டு. கத்தி காட்டிலிருந்து வந்ததா, முனியாண்டி கோயிலிலிருந்து வந்ததா? சாமிக்கு நாட்டிய அரிவாளில் வெட்டித் தேய்ந்த பள்ளமோ தீட்டிய கோடுகளோ பெரும்பாலும் இருக்காது. எண்ணெய்ப் பிசுக்கு, விபூதி, சந்தனம், குங்குமம் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். வேலைக் கத்தியிலும் ஆயுத பூசைப் பொட்டு இருக்கலாம். ஆனால் அதன் அலகு பல வருடம் தீட்டித் தீட்டி ஒடுங்கிப்போயிருக்கும்.

இனி ஆய்வகம். கைக்கடக்கமான எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவியை அலகில் வைத்தால் ஒரு நிமிடத்துக்குள் இரும்போடு கலந்திருக்கும் உலோகங்களைக் காட்டிவிடும். கார்பனைக் காட்டாது, மாங்கனீசையும் குரோமியத்தையும் காட்டும். நம் ஊர்ப் பட்டறைகளில் பாராங் அடிக்க மிகவும் விரும்பப்படும் இரும்பு, லாரியின் வில்பட்டை. அதில் ஒரு வகை எஃகில் குரோமியம் 0.7 முதல் 0.9 சதவீதம் வரை இருக்கும். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட மலாய் வேலைப்பாடு என்று நம்பப்பட்ட கத்தியில் இந்த அளவு குரோமியம் தென்பட்டால், அது மோட்டார் வண்டிக் காலத்துப் பிள்ளை. தண்டவாள எஃகு வேறு மாதிரி: கார்பனும் மாங்கனீசும் இருக்கும், குரோமியம் பொதுவாக இருக்காது. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு மலாயாவின் முதல் ரயில் ஓடியது 1885இல். ஆகவே அந்த இரும்புக்கும் ஒரு கீழ் எல்லை உண்டு.

உருப்பெருக்கியில் பார்த்தால் இன்னும் விளங்கும். கரி உலையில் உருகாமல் எடுத்துச் சுத்தியலால் அடித்துச் சேர்த்த பழைய இரும்பில் கசடு நாராக நீண்டு கிடக்கும். 1856இல் பெசமர் முறை வந்த பிறகு பெருகிய ஆலை எஃகில் அப்படிப்பட்ட நார்கள் இல்லை. இதைப் பார்க்க அலகிலிருந்து ஒரு துணுக்கு வெட்டி மெருகேற்ற வேண்டும் என்பதால், அருமையான கத்திக்கு மட்டுமே இது தகும்.

ரேடியோ கார்பன் சோதனை பற்றிப் பலரும் கேட்பார்கள். எஃகிலும் கார்பன் இருக்கிறதே, அதன் வயதைக் கணிக்கலாமே என்ற எண்ணம் சரிதான். இரும்பைக் கார்பன் 14 கொண்டு கணிப்பது பற்றி ஆய்வாளர் வான் டெர் மெர்வே 1969இலேயே நூல் எழுதினார். ஆனால் மரக்கரியில் உருக்கிய இரும்புக்குத்தான் அது பொருந்தும். நிலக்கரிக் கோக்கில் உருக்கிய எஃகின் கார்பன் பல கோடி ஆண்டுப் பழமையானது; அதில் கார்பன் 14 மிச்சமே இருக்காது. பிடியின் மரத்தைச் சோதித்தாலும் கார்பன் 14 அளவை ஆண்டாக மாற்ற உதவும் வளைகோடு 1650 முதல் 1950 வரை தட்டையாக அலைவதால் ஒரே அளவுக்குப் பல ஆண்டுகள் ஒத்துவரும். ஒரு கேள்விக்கு மட்டும் திட்டமான பதில் உண்டு. அணுகுண்டுச் சோதனைகளால் 1960களின் தொடக்கத்தில் காற்றில் கார்பன் 14 ஏறக்குறைய இரட்டிப்பானது. மரத்தில் அந்த மிகுதி தெரிந்தால் பிடி 1950களின் நடுப்பகுதிக்குப் பிந்தியது.

துருவை வைத்து வயது சொல்ல முடியாது. ஈப்போவின் சுண்ணாம்புக்கல் மண்ணில் புதைந்த இரும்பு மெதுவாக அரிபடும். புளித்த சதுப்பு மண்ணில் விரைவாக அரிபடும். ரப்பர் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலத்துக்குப் பக்கத்தில் கிடந்த கத்தி சில வருடத்திலேயே கிழடாகிவிடும்.

பேராக்குக்கு இந்தப் புதிர் புதிதல்ல. தென் பேராக்கிலும் சிலாங்கூரிலும் லம்பம் தோண்டியவர்களுக்கும் கிராமத்தாருக்கும் பிடி செருகக் குழாய் வைத்த விசித்திர இரும்புக் கருவிகள் கிடைத்துவந்தன. அவற்றை மலாய்க்காரர்கள் 'துலாங் மாவாஸ்' என்றார்கள். மாவாஸ் என்ற குரங்கு போன்ற காட்டுயிரின் எலும்பு என்பது நம்பிக்கை. தனியாகக் கிடைத்தவரை அவற்றுக்கு வயது சொல்ல எந்தப் பிடிமானமும் இல்லை. 1920களின் இறுதியில் தொல்லியல் ஆய்வாளர் ஐவர் எவன்ஸும், அடுத்த பத்தாண்டில் காலிங்ஸ் என்ற ஆய்வாளரும் அப்பகுதியில் கற்பலகைகளால் கட்டிய கல்லறைகளைத் தோண்டினார்கள். இரும்போடு மணிகளும் மண்பாண்டங்களும் சேர்ந்து கிடைத்தன. அதன் பிறகுதான் அவற்றை இந்நாட்டின் இரும்புக் காலத்தோடு பொருத்திப் பேச முடிந்தது.

லயத்துக் கத்திக்கும் அதே நியதிதான். அது எந்தத் தோட்டத்து ஸ்டோரில், எந்த டிவிஷனில், யார் வீட்டில் கிடந்தது என்ற விவரம் போய்விட்டால் எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய அந்தக் காலத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்று எண்பதைக் கடந்தவர்கள். பால் வெட்டியவர்களும் தண்டல்களும் நினைவில் வைத்திருக்கும் பெயர்களும் இடங்களும்தான் இந்த ஆய்வின் மிக அரிய பகுதி.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு பாராங் இருந்தால், எலுமிச்சம்பழமோ புளியோ போடாதீர்கள். உலர்ந்த மென்துணியால் தூசியை மட்டும் தட்டுங்கள். இரு பக்கமும் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். எடையையும் முதுகின் கனத்தையும் குறியுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, யார் புழங்கியது, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு வாக்கில் என்பதை எழுதிக் கத்தியோடு வையுங்கள். மண்ணைத் தோண்டும்போது பழம்பொருளாகத் தோன்றும் இரும்பு கிடைத்தால், 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி மாவட்ட அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். 1883இல் தொடங்கிய தைப்பிங் பேராக் அருங்காட்சியகத்தை அணுகுவதானால் முதலில் படங்களை அனுப்புங்கள். ஏனென்றால், தகுந்த காரணமின்றிப் பாராங்கைப் பொது இடத்தில் எடுத்துச் செல்வது அபாயகர ஆயுதங்கள் பற்றிய 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.