தராசுக்கு முன் நிற்கும் ஜூடோ

ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் ஜூடோ முதன்முதலாக இடம்பெற்றது 1986ஆம் ஆண்டு சியோல் நகரில் என்பதும், அன்று ஆடவர் மட்டுமே களமிறங்கினர் என்பதும், அதில் இந்தியர் நால்வர் வெண்கலம் வென்றனர் என்பதும், நான்காண்டு கழித்துப் பெய்ஜிங்கில் மகளிருக்கும் வாயில் திறந்தது என்பதும் விளையாட்டு அபிமானிகள் அறிந்த சரித்திரந்தான். நெடுங்காலம் ஜப்பானும் தென்கொரியாவும் தங்கத்தில் பெரும்பங்கைப் பகிர்ந்துகொண்ட அந்த அரங்கில், 2023இல் ஹாங்சோவில் நடந்த போட்டியின்போது தைவானின் யாங் யுங்-வெய் 60 கிலோ பிரிவில் முதலிடம் பெற்றார். தென்கொரியாவுக்கோ, 78 கிலோவுக்கு மேற்பட்ட மகளிர் பிரிவில் கிம் ஹா-யூன் வென்ற ஒரே ஒரு தங்கத்தோடு திரும்ப நேர்ந்தது. 2026இல் ஜப்பானின் ஐச்சி–நகோயாவில் அடுத்த போட்டிகள் வரவிருக்கும் இவ்வேளையில், யார் வெல்வார் என்னும் கேள்வியைவிட என் மனத்தை அதிகமாக வருத்துவது வேறொன்று. அது மெத்தையின்மேல் நிகழ்வதன்று, முந்தைய நாள் மாலையில், கதவு சாத்திய ஓர் அறையில், தராசின்மேல் நிகழ்வது.

பெயரைச் சரிபார்த்தபின் உள்ளாடையோடு தராசில் ஏறுகின்ற அந்த இளைஞர், 66 கிலோ என்னும் வரம்புக்குள் தம் தேகத்தை அடக்குவதற்காகப் பல நாட்களாக என்னென்ன செய்திருப்பார் என்பதை நேயர்கள் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். வியர்வை வெளியேறாத பிளாஸ்டிக் அங்கியை உள்ளே அணிந்து, அதன்மேல் இரண்டு சட்டைகளை மாட்டிக்கொண்டு ஓடியிருப்பார்; நீராவி அறையில் மூச்சுத் திணற அமர்ந்திருப்பார்; தாகத்துக்குத் தண்ணீர் பருகாமல் வாயைக் கொப்புளித்துத் துப்பியிருப்பார்; கடைசி இருநூறு கிராம் குறையவில்லையென்றால், பசைமிட்டாயை மென்று மென்று ஊறும் உமிழ்நீரையும் ஒரு குவளையில் உமிழ்ந்திருப்பார். நான்கு நிமிஷப் போட்டிக்காக உடலைப் பக்குவப்படுத்த வேண்டிய வாரத்தில், உடலை வற்ற வைப்பதே அவருடைய சாதகமாகிவிடுகிறது.

இந்தக் கலையைத் தோற்றுவித்தவரின் சரிதத்தை நினைக்கையில் இந்த வேதனை இன்னும் மிகுகிறது. ஜிகோரோ கானோ மெலிந்த சரீரமும் குறுகிய உயரமும் உடையவர். சிறுவயதில் வலிய மாணவர்களின் கொடுமைக்கு ஆளானதாலேயே ஜூஜுட்சு கற்கப் புறப்பட்டவர். எதிராளியின் பலத்தையே பயன்படுத்தி, அவன் நிலைகுலையும் க்ஷணத்தில் அவனை வீழ்த்துவதே உபாயம் என்று தெளிந்து, 1882இல் தோக்கியோவில் கோடோகன் பள்ளியை நிறுவியவர். மெலிந்தவன் பருத்தவனை வெல்லும் மார்க்கமாகப் பிறந்த வித்தை அது. இன்றோ, தன்னினும் மெலிந்தவனோடு மோதும் அனுகூலத்துக்காக, நல்ல தேகக்கட்டுள்ள வாலிபன் பட்டினி கிடந்து மெலிகிறான். எடை வரம்பற்ற பொதுப் பிரிவு என்று ஒன்று முன்பு இருந்தது. 1964இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்டன் கேசிங்க் என்னும் டச்சுக்காரர் அகியோ கமினாகாவை அடக்கி, ஜப்பானியரைத் திகைக்க வைத்தது அந்தப் பிரிவில்தான். ஆசியப் போட்டிகளில் 2010 குவாங்சோ வரை நீடித்த அதுவும் பின்னர் நீக்கப்பட்டுவிட்டது. ஆக, எஞ்சியிருப்பது தராசின் ஆட்சியே.

பிரேசில் நாட்டு ஜூடோ வீரர்களிடையே நிகழ்த்தி 2010இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நூற்றுக்கு 86 பேர் போட்டிக்காக விரைவாக எடையைக் குறைத்தவர்கள் என்றும், இப்பழக்கத்தை அவர்கள் தொடங்கிய சராசரி வயது பன்னிரண்டரை என்றும் தெரியவந்தது. பன்னிரண்டரை வயது! எலும்பு நீண்டு, தசை தடிக்க வேண்டிய பருவத்தில், சோற்றுத் தட்டை ஒதுக்கி வைக்கப் பழகும் பிள்ளைகள் இவர்கள். உடலில் நீர் குன்றினால் இரத்தம் தடிக்கிறது, இதயம் தவிக்கிறது, சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது. 1996இல், அட்லாண்டா ஒலிம்பிக்குக்குச் சில மாதங்களே இருந்தபோது, தென்கொரியாவின் இளம் ஜூடோ வீரர் ஒருவர் எடைக்குறைப்பின்போதே உயிர் நீத்தார்.

எடைப் பிரிவு இல்லாவிடில் சிறியோருக்குக் காயமே மிஞ்சும் என்பாரும் உளர். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பிரிவு வேறு, அதற்குள் புகுவதற்காகச் செய்யும் சரீர வதை வேறு. போட்டியன்று காலையில் நடந்துவந்த எடை நிறுத்தலை 2013இல் முந்தைய மாலைக்கு மாற்றினார்கள். ஓர் இரவு முழுவதும் உண்டு தேறலாம் என்ற தைரியமே இன்னும் கூடுதலாகக் குறைக்கத் தூண்டுகோலாயிற்று. மறுநாள் காலை சிலரைச் சீட்டுக் குலுக்கித் தெரிந்தெடுத்து, வரம்பைவிட நூற்றுக்கு ஐந்துக்கு மேல் எடை ஏறியிருக்கிறதா என்று பார்க்கும் விதி உண்டு, அது போதாது. 1997இன் இறுதியில் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூவர் எடைக்குறைப்பில் மாண்டபின், உடலில் நீர் போதுமான அளவு உள்ளதா என்று சிறுநீரைச் சோதித்தே ஒருவருடைய குறைந்தபட்ச எடையை வரையறுக்கும் முறை அங்கே வந்தது. அவ்விதியை ஆசிய ஜூடோவும் கைக்கொள்ளத் தடை என்ன?

எடையைக் குறைக்காமல் அடுத்த பிரிவுக்கு மேலேறியவர்கள் கெட்டுவிடவும் இல்லை. வடகொரியாவின் கே சுன்-ஹுய் பதினாறு வயதில், 1996 அட்லாண்டாவில், ஜப்பானின் ரியோகோ தமுராவை வீழ்த்தித் தங்கம் வென்றது 48 கிலோ பிரிவில். உடல் வளர வளர அதைத் தடுக்காமல் 52க்கும் 57க்கும் ஏறிய அப்பெண், அவ்விரு பிரிவுகளிலும் உலகப் பட்டம் சூடினார். தென்கொரியாவின் கிம் ஜே-பம் 73 கிலோவிலிருந்து 81க்கு மாறிய பின்னரே 2010, 2014 ஆசியப் போட்டிகளிலும் 2012 லண்டன் ஒலிம்பிக்கிலும் தங்கம் கண்டார்.

ஜூடோ பயிலும் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு ஒரு விண்ணப்பம். போட்டி நெருங்குகையில் உங்கள் மகனோ மகளோ தண்ணீர்க் குவளையைத் தள்ளி வைத்தால், அதை மனவுறுதி என்று மெச்சாதீர்கள். அன்றைக்கே பயிற்றுநரிடம் சென்று, பிள்ளையின் பெயரை அடுத்த எடைப் பிரிவில் பதியச் சொல்லுங்கள்.